இருவர் பகிர்வு அடிப்படையில் ஒருத்தி

ஒரு பொய்யைத் திருத்திக்கொள்வதற்காக இந்தப் பதிவை எழுதுகிறேன். சென்ற பிப்ரவரியில் ஒரு வாரம் நான் துறையில் இல்லை. "களப்பணியா?" என்று கேட்ட அனைவரிடமும் "ஆம், அந்தமான்" என்றேன். மொழியியல் படிப்பவள் அந்தமானுக்குப் போனால் அது களப்பணியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஒலிப்பதிவுக் கருவி எதையும் நான் எடுத்துச் செல்லவில்லை. வினாநிரலும் இல்லை. ஐந்து இரவுகள், மூன்று வேளைச் சாப்பாடு, படகுச் சீட்டு, விமான நிலையத்திலிருந்து வண்டி என்று எல்லாம் அடங்கிய மலிவுத் தொகுப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு தனியாகச் சென்று, மூன்று நாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான்.

இதை மறைக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தேடும்போது வேறு சில கேள்விகளும் உடன் வந்தன. அவற்றை இங்கே வரிசையாக வைக்கிறேன்.

முதலில் தொகுப்பைப் பற்றி. ஆய்வுலகில் இருப்பவர்களுக்குத் தொகுப்புச் சுற்றுலா என்றாலே ஓர் இளக்காரம் உண்டு. நாம் 'பயணம்' செய்வோம். மற்றவர்கள்தாம் 'டூர்' போவார்கள். எல்லாம் அடங்கிய விடுதி என்பது சிந்திக்க விரும்பாதவர்களுக்கானது என்பது நம் எண்ணம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் நான்காம் ஆண்டில் இருக்கும் ஓர் ஆய்வு மாணவியின் நிலையில் நின்று பாருங்கள். உதவித்தொகை மாதம் 42,000 ரூபாய் என்பது ஏட்டளவில் உண்மை. அது மாதாமாதம் வருவதில்லை என்பது இதை வாசிக்கும் பலருக்கும் தெரியும். எனக்கு மூன்று மாத நிலுவை ஒன்றாக வந்தது. வந்த அன்றே வாடகை பாக்கி, வீட்டுக்கு அனுப்ப வேண்டியது, தோழியிடம் வாங்கிய கடன் ஆகியவற்றைக் கழித்தேன். மிஞ்சியதில் எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு பயணத்தை மட்டுமே என்னால் மேற்கொள்ள முடியும். போன இடத்தில் ஆட்டோவுக்கு எவ்வளவு, மீன் வறுவலுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் கழித்தல் கணக்குப் போட வேண்டியிருந்தால் அது ஓய்வாகாது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தமான் நம் நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. ஆனால் அங்கும் இந்திய நேரமே. எனவே பிப்ரவரி மாதத்தில் மாலை ஐந்தரை மணியளவில் சூரியன் மறைந்துவிடுகிறது. ஆறு மணிக்கு நல்ல இருட்டு. நான் தங்கியது நீல் தீவில். 2018 டிசம்பரில் அதற்கு ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். ஆயினும் படகுத்துறையில் எல்லோரும் நீல் என்றே சொல்கிறார்கள். சிறிய தீவு, மூவாயிரம் பேர் அளவில் மக்கள்தொகை. கடைத்தெருவை விட்டு விலகினால் தெருவிளக்கு அரிது. இரவுச் சாப்பாட்டுக்காக ஒரு பெண் இரண்டு கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டியதில்லை என்பது எனக்குச் சோம்பேறித்தனமாகத் தோன்றவில்லை. அது ஒரு விடுதலையாகத் தோன்றியது. ஆகவே தொகுப்பை இகழ்பவர்கள், தம்மால் எந்த நேரத்திலும் எந்தத் தெருவிலும் நடக்க முடியும் என்ற உறுதியிலிருந்து பேசுகிறார்களா என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி விலைக்கு வருகிறேன். விளம்பரத்தில் ஒருவருக்கு 16,000 ரூபாய், விமானக் கட்டணம் நீங்கலாக என்றிருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் 'ட்வின் ஷேரிங் அடிப்படையில்'. அதாவது, ஒருவருக்கான விலை என்பது இருவர் வந்தால் மட்டுமே ஒருவருக்கான விலை. ஒருவராகவே வந்தால் 25,600. ஒருத்தியாக இருப்பதற்கான கூடுதல் தொகை 9,600 ரூபாய்.

மொழியியல் மாணவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். எண் என்னும் இலக்கணக் கூறில் ஒருமை பொதுவாகக் குறியற்ற வடிவம். பறவை என்பது வெறும் சொல். பறவைகள் என்னும்போதுதான் விகுதி சேர்கிறது. வடமொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே இருமை என ஒன்று உண்டு. தமிழில் அது இல்லை. விடுதித் தொழிலின் இலக்கணத்தில் இருமையே அடிப்படை வடிவம். அங்கே குறியேற்றம் பெறுவது ஒருமை. அந்த ஒருமை விகுதியின் விலைதான் 9,600.

இந்தக் கோபத்தோடு மேலாளரிடம் பேசினேன். அவர் பொறுமையான மனிதர். ஒரு தாளை எடுத்து எனக்குக் கணக்கு எழுதிக் காட்டினார். இருவர் வந்தால் மொத்தம் 32,000. ஒருவர் வராததால் விடுதிக்கு மிச்சமாவது அவருடைய ஐந்து நாள் சாப்பாடு, நாளுக்கு 700 வீதம் 3,500, போக வரப் படகுச் சீட்டு 2,800, ஆக 6,300. அறையைத் துடைப்பதும், விரிப்பைத் துவைப்பதும், குளிர்சாதனத்துக்கான மின்சாரமும், மின்வெட்டில் ஓடும் ஜெனரேட்டருக்கான டீசலும் ஒருவருக்கும் இருவருக்கும் ஒன்றே. 32,000-இல் 6,300 போனால் 25,700. "நூறு ரூபாய் குறைச்சுத்தான் வாங்கியிருக்கோம், மேடம்" என்றார் இந்தியில். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. நான் கொண்டுபோன நியாயமான கோபத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று.

கணக்கு தவறில்லை என்றால் தவறு எங்கே இருக்கிறது? கட்டடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த விடுதியில் பன்னிரண்டு அறைகள். பன்னிரண்டிலும் இரட்டைக் கட்டில். ஒருவருக்கான சிறிய அறை என்று ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. கட்டும்போதே தனியாள் என்பவர் கணக்கில் இல்லை. பிறகு கணக்குப் போடும்போது அவர் எப்போதும் பாதி காலியான அறையாகத்தான் தெரிவார். தனியாளுக்காகக் கட்டத் தெரியாத சமூகம் நம்முடையது என்றும் சொல்ல முடியாது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களின் சிறிய அறைகள் யாருக்காகக் கட்டப்பட்டன? ஊரிலிருந்து வேலை தேடி வந்த தனி ஆண்களுக்காக. பணிபுரியும் மகளிர் விடுதிகளும் தனிப் பெண்களுக்கானவையே. ரயிலில் ஒரு படுக்கைக்கு ஒரு விலை. துணைக்கு யார் என்று சீட்டு கேட்பதில்லை. உழைப்பதற்காகத் தனியாக வரும் மனிதருக்கு இந்த நாடு இடம் கட்டி வைத்திருக்கிறது. ஓய்வெடுக்கத் தனியாக வருபவருக்குத்தான் கட்டவில்லை. ஓய்வு என்பது குடும்பத்தோடோ இணையோடோ மட்டுமே நிகழக்கூடியது என்ற முடிவு செங்கலும் சிமெண்டுமாக அங்கே நிற்கிறது.

கட்டடம் சொன்னதையே மனிதர்களும் சொன்னார்கள், அன்பாகவே. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது முதல் கேள்வி, "கூட யாரு வர்றா?" யாரும் இல்லை என்றேன். "யாருமில்லாம எதுக்குடி போற? ஏதாச்சும் பிரச்சனையா?" அம்மாவுக்குத் தனிமை என்பது ஏதோ ஒன்றின் அறிகுறி. வரவேற்பில் அடையாள அட்டையை வாங்கிய இளைஞர் என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "சார் பின்னாடி வர்றாரா?" என்று கேட்டார். கட்டிலின்மேல் துவாலையை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள் அலகோடு அலகு வைத்து நின்றன. சாப்பாட்டு அறையில் பணியாளர் ஒவ்வொரு வேளையும் இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நினைவு வந்து ஒன்றைத் திரும்ப எடுத்துச் சென்றார். இவற்றில் எதுவும் அவமதிப்பு இல்லை. ஆனால் மூன்று நாளில் ஒன்பது முறை உங்கள் எதிரிலிருந்து ஒரு தட்டு எடுக்கப்படும்போது, நீங்கள் ஒன்றாக இல்லை, இரண்டில் ஒன்று குறைந்ததாக இருக்கிறீர்கள் என்பது மெல்லப் புரிகிறது.

இத்தனையும் இருந்தும் அந்த மூன்று நாள்கள் எனக்கு வேண்டியிருந்தன. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் ஓராண்டாக நகரவில்லை. அறைக்குள் இருந்தால் எழுதவில்லையே என்ற குற்றவுணர்வு. வெளியே சென்றால் அறைக்குள் இல்லையே என்ற குற்றவுணர்வு. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு மேற்கோள் அட்டவணையைச் சரிபார்ப்பேன். நீல் தீவில் முதல் நாள் லக்ஷ்மண்பூர் கடற்கரையிலும் அதையேதான் மனத்துக்குள் செய்துகொண்டிருந்தேன். இரண்டாம் நாள் மாலை நீர் வற்றியபோது பாறைக் குழிகளில் சிறு நண்டுகளைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அன்று இரவு எட்டரை மணிக்குத் தூங்கி மறுநாள் ஆறு மணிக்கு எழுந்தேன். ஆண்டுக்கணக்கில் அப்படி உறங்கியதில்லை. 'எல்லாம் அடங்கும்' என்று விளம்பரம் சொன்ன வினைச்சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு: அடங்குதல் என்றால் ஓய்தல், தணிதல். அந்தப் பொருளில் விளம்பரம் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் ஏன் மறைத்தேன்? நம் ஆய்வுச் சூழலில் ஓய்வுக்குச் சொல் இல்லை என்பதால். உதவித்தொகை விதிகளின்படி ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு. நான் அறிந்த எவரும் அதை ஓய்வுக்கு என்று எழுதிக் கேட்டதில்லை. உடல்நலக் குறைவு, குடும்ப நிகழ்ச்சி, களப்பணி ஆகிய மூன்றே நாம் எழுதும் காரணங்கள். நோயுற்றாலோ, வீட்டில் யாருக்கேனும் திருமணமோ இறப்போ நேர்ந்தாலோ, தரவு சேகரித்தாலோ மட்டுமே இருக்கையை விட்டு எழலாம். மூன்றாவது காரணம் மிக வசதியானது, ஏனென்றால் அது ஓய்வையே உழைப்பாக மாற்றிக் காட்டிவிடும். நான் அதைத்தான் பயன்படுத்தினேன். பயன்படுத்திய பிறகுதான் அந்தப் பொய்யில் என்னைத் தவிர வேறு சிலரையும் இழுத்துவிட்டிருக்கிறேன் என்று உணர்ந்தேன்.

'அந்தமான்' என்று சொன்னவுடன் துறையில் எல்லோர் கண்ணிலும் ஓர் ஒளி வந்தது. அது எனக்காக வந்தது அன்று, தரவுக்காக வந்தது. நம் துறைக்கு அந்தமான் என்றால் அழிந்த மொழிகளின் பட்டியல். 2010 ஜனவரியில் போவா சீனியர் இறந்தபோது அவரோடு அகா-போ மொழியும் போயிற்று. பேராசிரியர் அன்விதா அப்பியின் ஆய்வுகளால் பெரிய அந்தமானிய மொழி உடலின் பகுதிகளை அடிப்படையாகக் கொண்டு உடைமையைப் பாகுபடுத்துகிறது என்பதை அறிந்தோம். வகுப்பில் அதை வியந்து படித்தோம். நான் நண்டு பார்த்துக்கொண்டு நின்ற ரிட்சி தீவுக்கூட்டத்தில் ஒரு காலத்தில் அகர்-பலே மொழி பேசப்பட்டது. இன்று அதைப் பேச ஒருவரும் இல்லை. தீவுக்கு நீல் என்ற பெயர் 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவரிடமிருந்து வந்தது. கடற்கரைகளுக்கு ராமாயணப் பெயர்கள்: பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர், ராம்நகர். அவற்றை வைத்தவர்கள் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து காடு திருத்திக் குடியேறிய எளிய மக்கள். அவர்கள்மீது எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இத்தனை பெயர்களுள் இங்கே முதலில் இருந்தவர்கள் வைத்த பெயர் எது என்று தேடினால், பலகைகளில் எங்கும் இல்லை.

என் ஆய்வுப் பொருள் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. தமிழில் நாம் என்றால் கேட்பவரும் உள்ளே. நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. தெலுங்கில் மனம், மேமு. மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள். இன்றைய கன்னடம் இந்த வேறுபாட்டைக் கைவிட்டுவிட்டது. பொது இந்தியிலும் வங்காளத்திலும் அது இல்லை. மராத்தியும் குஜராத்தியும் அதை வைத்திருக்கின்றன. நான்கு ஆண்டுகளாக இதையே படித்துவிட்டு, எல்லாம் அடங்கும் என்று எழுதியிருந்த ஒரு தாளை வாசித்தபோது எனக்கு எழுந்திருக்க வேண்டிய முதல் கேள்வி: இந்த 'எல்லாம்' யாருடைய நாம்?

அந்தக் கேள்வி எழுந்தது மூன்றாம் நாள்தான். தொகுப்பின் கடைசி நாள் நிரலில் 'பாராடாங் சுண்ணாம்புக் குகை' என்றிருந்தது. நீலிலிருந்து போர்ட் பிளேர் திரும்பி (அந்நகரின் பெயரும் 2024-இல் ஸ்ரீ விஜய புரம் ஆயிற்று), மறுநாள் விடியுமுன்னே கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, வண்டிகள் அணியாகச் செல்ல வேண்டும். காரணம், அந்தமான் பெருஞ்சாலை ஜாரவா மக்களின் பாதுகாக்கப்பட்ட காட்டின் ஊடாகச் செல்கிறது. நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஏற்பாட்டாளர் தொலைபேசியில் குரலைத் தாழ்த்தி, "அதிர்ஷ்டம் இருந்தா ஜாரவாவையும் பார்க்கலாம், மேடம்" என்றார். புலியைப் பற்றிச் சொல்லும் அதே தொனி.

அவர்கள் சில நூறு பேர். தம்மை ஆங் என்று அழைத்துக்கொள்கிறார்கள். ஜாரவா என்பது அவர்களுடைய சொல் இல்லை. இன்று அழிந்துபோன அகா-பேயா மொழியில் அதற்கு 'அயலார்' என்ற பொருள். ஒரு மக்களை நாம் அழைக்கும் பெயரே அவர்களை வெளியே நிறுத்தும் சொல். அந்தச் சாலையின் பகுதிகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆணையிட்டது. வண்டிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. 2012-இல் சுற்றுலாப் பயணிகளின் முன்னே ஜாரவாப் பெண்களை ஆடவைத்த காணொளி வெளியாகி நாடே வெட்கப்பட்டது. பிறகு வெட்கம் ஓய்ந்தது. என் தொகுப்பில் அந்தச் சாலை காலையுணவைப் போல, படகுச் சீட்டைப் போல, ஏற்கெனவே விலை கொடுக்கப்பட்ட ஒன்றாக இருந்தது. எல்லாம் அடங்கிய தொகுப்பின் உண்மையான ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். தனித்தனியே கேட்டிருந்தால் மறுத்திருக்கக்கூடிய ஒன்றை அது பட்டியலுக்குள் அடக்கிவிடுகிறது. காசு போய்விடுமே என்ற எண்ணத்தில் நாமும் ஏறி உட்கார்ந்துவிடுகிறோம்.

நான் போகவில்லை. பணம் திரும்ப வராது என்றார்கள், வரவும் இல்லை. இதை ஒரு தியாகமாகச் சொல்லவில்லை. நான் வெட்கப்படுவது வேறொன்றுக்கு. வேண்டாம் என்று சொல்வதற்கு முன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் யோசித்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் என் மனம் எனக்குச் சொல்லித்தந்த நியாயம் என்ன தெரியுமா? 'நீ மொழியியல் மாணவி. நீ பார்ப்பது வேறு.' களப்பணி என்று நான் துறையில் சொன்ன பொய் அப்போது எனக்கு அனுமதிச் சீட்டாக வந்து நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு வண்டியில் இருப்பவர் முதுகலைப் பட்டம் பெற்றவரா என்பது ஒரு பொருட்டா? ஓய்வை ஆய்வென்று சொல்லிப் பழகினால், வேடிக்கை பார்ப்பதையும் ஆய்வென்று சொல்லிக்கொள்ளலாம் என்பதை அன்று கற்றேன்.

கடைசியாக அடுக்களை. தொகுப்பில் 'கேண்டில் லைட் டின்னர்' ஒன்றும் அடக்கம். நீலில் மூன்றாம் இரவு மேலாளர் தயக்கத்தோடு, "ஒருவருக்கே போடட்டுமா?" என்று கேட்டார். போடச் சொன்னேன், விலை கொடுத்தாயிற்றே. மணலில் ஒரு மேசை, கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு நாற்காலி. காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. சற்று நேரத்தில் மின்சாரமும் போயிற்று. கைவிளக்கு கேட்பதற்காகப் பின்பக்கம் சென்றேன். அடுக்களைக்கு வெளியே சமையற்காரரும் பணியாளர்கள் மூவரும் ஒரு லாந்தரைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். சமையற்காரர் தமிழர். முதல் நாளே என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசியவர்தாம். ஆனால் சாப்பாட்டு அறையில் "மேடம்" என்பதைத் தாண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரில் வங்காளம், இந்திக்கு அடுத்துத் தமிழே அதிகம் பேசப்படும் மொழி. ஆகவே அவர் அங்கே இருந்தது வியப்பில்லை. அவர் வந்த வழிதான் எனக்குப் புதிது. தாத்தா இலங்கை மலையகத்தில் தேயிலை பறித்தவர். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நிகோபாரின் கட்சல் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர். 2004 சுனாமிக்குப் பின் குடும்பம் போர்ட் பிளேருக்கு வந்தது. மனைவியும் மகளும் அங்கே. இவர் மாதத்துக்கு இருமுறை படகேறிப் போய்ப் பார்க்கிறார்.

"கரண்ட் வர அரை மணி ஆகும். அங்க இருட்டுல என்ன செய்யப் போறீங்க? உக்காருங்க தங்கச்சி, நாம சாப்பிடலாம்" என்றார்.

'நாங்க சாப்பிடறோம், நீங்களும் வாங்க' என்று அவர் சொல்லியிருக்கலாம். அதுவும் அன்பான அழைப்பே. அவர் சொன்னது நாம. நான்கு ஆண்டுகள் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் எண் இட்டு எழுதிய சொல், என்னை நோக்கி ஒருவர் சொல்லி, அதன் பொருள் முழுவதும் எனக்குக் கிடைத்தது அன்றுதான். உட்கார்ந்தேன். தீவில் விளைந்த பூசணிக்காய்க் கூட்டும், எங்களுக்கு மேசையில் வராத கருவாட்டுக் குழம்பும் இருந்தன.

இதை இங்கேயே முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் நேர்மையாக இருக்காது. மறுநாள் காலை அவர் மீண்டும் "மேடம்" என்றார். நான் மீண்டும் விருந்தாளி. விருந்தாளிகள் எல்லோரும் உண்டு முடித்த பின்னரே அவர்கள் உண்கிறார்கள். பல நாள் இரவு பத்தைத் தாண்டிவிடும் என்றும் அன்று அறிந்தேன். என் மலிவு விலைக்குள் அந்தப் பத்து மணியும் அடக்கம், அந்த இருமுறைப் படகுப் பயணமும் அடக்கம். விளம்பரம் அவற்றைப் பட்டியலிடவில்லை. ஒரு சொல்லின் கனிவை வைத்து ஊதியக் கணக்கை மூடிவிட முடியாது.

ஆகவே என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மலிவான, எல்லாம் அடங்கிய தங்குமிடம் இழிவானது அன்று. குறைந்த பணத்தோடு தனியாக வரும் ஒருவருக்கு, குறிப்பாக ஒரு பெண்ணுக்கு, அது தரும் நிம்மதி உண்மையானது. அது ஒழிய வேண்டியதில்லை, திருந்த வேண்டும். பன்னிரண்டு அறைகள் கட்டுகிறவர்கள் இரண்டையாவது ஒருவருக்காகக் கட்டட்டும். அப்போது தனியாளிடம் பாதி காலியான அறைக்கு விலை கேட்க வேண்டியிராது. நம்மிடம் கேட்காமல் பட்டியலில் சேர்க்கக் கூடாதவை சில உண்டு. பிற மனிதர்களின் வாழ்விடம் அவற்றில் முதலாவது. பட்டியலில் இருந்தாலும் ஏறாமல் இருப்பது நம் பொறுப்பு, காசு போனாலும். முன்பதிவு செய்யும்போது இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: சமைப்பவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள்? கேட்பவர் பலரானால் விடைகளும் மாறக்கூடும்.

இதை வாசிக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் நெறியாளர்களுக்கும் ஒன்று. என் பொய்யை நெறியாளரிடம் சென்ற வாரம் சொல்லிவிட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விடுப்புக் கடிதத்தைத் திருத்தி எழுதித் தந்துவிடுங்கள்" என்றார். எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'ஓய்வு' என்று ஒரு சொல். அலுவலக எழுத்தர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "இப்படி யாரும் எழுத மாட்டாங்களே" என்றார் தெலுங்கில்.

நாம் எழுதத் தொடங்கலாம். இங்கே நான் சொல்வது, கேட்பவரையும் உளப்படுத்திய நாம்.